தோட்டத்து யூரியா கடல்வரை போகுமா?

கேள்வி: தென்பெண்ணைக் கரையில் தக்காளி போடுகிறோம். வற்றிப்போன போர்வெல்லில் கழிவறைத் தண்ணீரை விடலாம் என்று வீட்டில் பேச்சு. நிலத்தடி அழுக்கு கடலைக் கெடுக்கிறதாமே, இவ்வளவு தூரத்தில் இருக்கும் எங்களுக்கும் அதில் பங்கு உண்டா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: போர்வெல்லில் மட்டும் விட்டுவிடாதீர்கள். கழிவுநீர் மண்ணில் மெல்ல இறங்கும்போதுதான் கிருமிகள் மடியும். போர்வெல் அந்த மண்ணுக்கு வேலையே வைக்காமல் அழுக்கை நேரே பாறை வெடிப்பில் சேர்த்துவிடும். உங்கள் பக்கம் அடியில் கடும்பாறை. தண்ணீர் நகர்வதே வெடிப்புகளில்தான். அதே வெடிப்பு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலும் திறந்தால், அவர்கள் குடிப்பது உங்கள் கழிவைத்தான். செப்டிக் டேங்க்கும் உறிஞ்சுகுழியும் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே நிற்க வேண்டும்.

கடல் விஷயத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. பாறைக்குள் இருக்கும் நீர் அப்படியே கடலூர்வரை போவதில்லை. ஓடையிலும் ஆற்றிலும் ஊற்றாகக் கசிகிறது. மழை நின்றபின் ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு அதுதான். சாத்தனூர் அணையில் கொஞ்சம் தங்கி, மீதி வங்கக் கடலுக்குப் போகும். கடலோர மணற்பகுதியில் ஆறே தேவையில்லை, நிலத்தடி நீர் கடலடியிலேயே கசியும். அமெரிக்காவின் தென் கரோலினா கரையில் வில்லார்ட் மூர் என்ற விஞ்ஞானி, நிலத்தடி நீரோடு கடலுக்கு வரும் ரேடியம் என்ற தனிமத்தை அளந்து, இப்படிக் கசியும் நீர் அங்கே ஆறுகள் கடலில் சேர்க்கும் நீரின் அளவில் சுமார் 40 சதவீதத்துக்குச் சமம் என்று 1996-இல் காட்டினார். அதில் மண்ணுக்குள் புகுந்து திரும்பும் கடல்நீரும் சேர்த்தி.

யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். அதை மண் பிடித்துவைக்காது, தண்ணீரோடு போய்விடும். (பாஸ்பரஸை செம்மண்ணின் இரும்பு ஓரளவு பிடித்துக்கொள்ளும்.) கரையோரக் கடலில் இந்த நைட்ரஜன் பாசியைப் பெருக்கும், பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். இன்று இட்டது ஆற்றை எட்ட பல வருடம் ஆகலாம் என்பதால், நிறுத்தினாலும் பலன் உடனே தெரியாது.

45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. மண் பரிசோதனை அட்டைப்படி, பல தவணையாகப் பிரித்து இடுங்கள். சொட்டுநீரில் விடுவதானால் பாசனத்தின் நடுப்பகுதியில் விட்டு, கடைசி 10–15 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடட்டும். அதற்குமேல் ஓட்டினால் உரம் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

கிணற்று நீரையும் சோதியுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்த நீர் ஆகாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, செறிவு கூடத்தான் செய்யும். உங்கள் பகுதியில் ஃபுளோரைடையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.