அப்ரெண்டிஸ் அனுப்புறதுக்கு முன்னாடி முதல் மாச செலவை பேசிடுங்க

அக்கா, பையன் தர்மபுரி ஐடிஐல ஃபிட்டர் முடிச்சிட்டான், ஓசூர் சிப்காட்ல அப்ரெண்டிஸா கூப்பிட்டிருக்காங்க, சித்தேரி மலையில இருந்து அவ்ளோ தூரம் அனுப்பலாமான்னு கேட்டீங்க. தாராளமா அனுப்புங்க. ஆனா நம்ம பக்கத்து பசங்க பல பேரு பாதியில பையை தூக்கிட்டு திரும்பி வந்துடறாங்க, வேலை வரலன்னு இல்ல, கையில காசு இல்லாம.

கணக்கு பாருங்க. 2019ல அப்ரெண்டிஸ் விதியை திருத்தினப்போ ஐடிஐ முடிச்சவனுக்கு ஸ்டைபண்டு, அதாவது பயிற்சி காலத்து உதவித்தொகை, மாசம் குறைஞ்சது 7000 ரூபான்னு வெச்சாங்க, அந்த மாச பணத்தை அடுத்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள குடுக்கணும், அப்போ ஒண்ணாம் தேதி சேர்றவன் கிட்டத்தட்ட 40 நாள் கைக்காசுல ஓட்டணும், ரூம் அட்வான்ஸ், மெஸ், பஸ்னு எல்லாம் அதுக்குள்ள வந்துடும். இதுக்காக குழு லோன் வாங்கிடாதீங்க. எச்.ஆர் கிட்ட நேரா கேளுங்க, முதல் மாசம் பாதி பணம் முன்னாடியே தருவீங்களா, கம்பெனி பஸ்லயும் கேன்டீன்லயும் அப்ரெண்டிஸ் பசங்களுக்கும் இடம் உண்டான்னு. கேக்க கூச்சப்படவே வேணாம்.

அடுத்தது ஒப்பந்தம். அரசோட அப்ரெண்டிஸ் போர்ட்டல்ல (வெப்சைட்ல) பதிவு பண்ணுவாங்களா, இல்ல கான்ட்ராக்டர் மூலமா சும்மா ட்ரெய்னியான்னு தெளிவா கேட்டுக்குங்க, பதிவு இல்லன்னா கடைசியில பரிட்சையும் கிடையாது சர்டிஃபிகேட்டும் கிடையாது. 18 வயசு ஆகலன்னா நீங்கதான் கையெழுத்து போடணும், யாரையாவது படிச்சு காட்ட சொல்லிட்டு போடுங்க. வேலையில அடிபட்டா கம்பெனிதான் பொறுப்பு, அப்ரெண்டிஸ் அதிகாரிகிட்ட அனுமதி வாங்காம ஓவர்டைம் பாக்க வைக்க கூடாது, 1961 அப்ரெண்டிஸ் சட்டத்துலயே இருக்கு. எஸ்டி பசங்களுக்கு இடம் ஒதுக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது, அதனால ஜாதி சான்றிதழ் ஒரு காப்பி அவன் கூடவே இருக்கட்டும்.

எச்.ஆர்ல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில இருந்து வர்ற பையன் மொத மாசம் வாயே திறக்க மாட்டான், புரியலன்னாலும் தலையாட்டுவான், அவனை மக்குன்னு நினைச்சு லோடிங்ல தள்ளிடாதீங்க, அரூர் பாலக்கோடு பக்கத்து சீனியர் ஒருத்தரை கூட போடுங்க, திட்டாம சொல்லி குடுக்கற ஆளா பாத்து.

அக்கா, ஆர்டர் லெட்டர் வந்ததும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, ஸ்டைபண்டு எவ்ளோ, எத்தனை மாசம், என்ன ட்ரேடுன்னு மூணையும் பாத்து சொல்றேன்.