ஒரே மானிட்டரில் ஆபீஸ் வேலையும் ராத்திரிப் படமும்: கேள்வி பதில்

பகலில் வேலை, இரவில் படம், இரண்டுக்கும் ஒரே மானிட்டர் போதுமா என்ற கேள்விதான் இந்த முறை அதிகம். போதும். ஆனால் சிக்கல் பெரும்பாலும் திரையில் வராது. அதில் எதைச் செருகுகிறீர்கள் என்பதில்தான் வரும்.

கேள்வி (கணக்கு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்): 24 அங்குலம் வாங்கவா, 27 வாங்கவா? இரண்டும் ஃபுல் எச்டிதான். விலை வித்தியாசம் அதிகமில்லை.

பதில்: இரண்டும் 1920 × 1080 என்றால் 24 வாங்குங்கள். அதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் (படத்தை உருவாக்கும் புள்ளி) வரும். அதே பிக்சல்களை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகிவிடும். ஆங்கில எழுத்துக்கு இது ஓரளவு ஓடிவிடும். தமிழில் உடனே தெரியும். சிறிய எழுத்தில் ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் உள்வளைவும் ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்புள்ளி மாதிரி நிற்கும். நாள் முழுக்க அதைப் படிக்கப்போவது நீங்கள்தான். 27 தான் வேண்டுமென்றால் 2560 × 1440 பாருங்கள். 109 பிக்சல் கிடைக்கும்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் ஒரு தமிழ் பிடிஎஃப் எடுத்துப்போங்கள். கடையில் கிளி, பூ, கடல் என்று ஓட்டுகிற டெமோ வீடியோவில் எந்த மானிட்டரும் அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி (வாடகை அறையில் தங்கியிருப்பவர்): டிடிஎச் பாக்ஸை எச்டிஎம்ஐ ஒயரில் மானிட்டருக்குக் கொடுத்தேன். ‘இன்புட் நாட் சப்போர்ட்டட்’ என்று மட்டும் வருகிறது. லேப்டாப்பைக் கொடுத்தால் நன்றாக வேலை செய்கிறது. மானிட்டர் போச்சா?

பதில்: மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தியாவில் டிவி ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை என்ற கணக்கில் நடக்கிறது. பாக்ஸும் பெரும்பாலும் அதே கணக்கில், ‘1080ஐ’ என்ற முறையில் படத்தை அனுப்பும். அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. டிவி அதைச் சேர்த்து முழுப்படமாக்கிக்கொள்ளும். கணினி தரும் 60 ஹெர்ட்ஸ் முழுப்படத்துக்கென்றே செய்த மானிட்டர்கள் பலவற்றுக்கு அது தெரியாது.

பாக்ஸின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட்டை 720பி அல்லது 1080பி ஆக்கிப் பாருங்கள் (‘பி’ என்றால் வரிகளைப் பிரிக்காமல் முழுப்படமாக அனுப்புவது). திரையில் ஒன்றுமே தெரியாதபோது எங்கே போய் மாற்றுவது? தெரிந்தவர் வீட்டு டிவியில் ஒரு நிமிஷம் செருகி மாற்றிக்கொண்டு வாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மானிட்டர் 50 ஹெர்ட்ஸையே ஏற்காமல் இருக்கலாம். வாங்கும் முன்பே மேனுவலில் ஏற்கும் சிக்னல் பட்டியல் இருக்கும், அதில் 50 இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பாக்ஸ் அந்த 50-ஐ 60 ஆக்கி அனுப்பினாலும் செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்து லேசாகத் துள்ளித் துள்ளித்தான் போகும். சீரியல் பார்ப்பவர்களுக்குத் தெரியாது; கிரிக்கெட் பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி (அதே நண்பர்): படம் வந்துவிட்டது, நன்றி. சத்தம் வரவில்லை!

பதில்: எதிர்பார்த்தேன். உங்கள் மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது. பின்பக்கம் எச்டிஎம்ஐ துளைக்குப் பக்கத்தில் ஹெட்போன் படம் போட்ட வட்டத் துளை இருந்தால், சாதாரண கணினி ஸ்பீக்கரை அதில் செருகினால் போதும். துளை இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ ஒயரிலிருந்து ஆடியோவை மட்டும் பிரித்துத் தரும் சின்ன டப்பா கடைகளில் கிடைக்கும். சவுண்ட்பார் வாங்குகிற யோசனை இருந்தால் ஒன்று: மானிட்டர்களில் பொதுவாக ‘ஏஆர்சி’ (எச்டிஎம்ஐ ஒயரிலேயே சத்தத்தைச் சவுண்ட்பாருக்கு அனுப்புவது) வசதி கிடையாது. ஆக்ஸ் துளை (ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒயரைச் செருகும் இடம்) உள்ள சவுண்ட்பாராகப் பாருங்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போட்டால் கறுப்பெல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. ஏன்?

பதில்: வீடியோ கருவிகள் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்பும். கணினிக் கணக்கில் அது 0-வும் 255-உம். மானிட்டர் மெனுவில் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்று ஒன்று இருக்கும், அதை மாற்றுங்கள்.

கேள்வி (இரவில் மட்டும் படம் பார்ப்பவர்): ஐபிஎஸ் நல்லதா, விஏ நல்லதா?

பதில்: இரண்டும் திரையின் வகைகள். விளக்கணைத்துத் தனியாகப் படம் பார்ப்பதே முக்கியம் என்றால் விஏ. அதன் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வழக்கமாக 3000:1 அளவில் இருக்கும், சாதாரண ஐபிஎஸ் 1000:1 தான். அதனால்தான் ஐபிஎஸ்ஸில் இருட்டுக் காட்சி வந்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஆனால் விஏவைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் மங்கும். கட்டிலில் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்கிற வீடு என்றால் ஐபிஎஸ்ஸே மேல். அட்டைப் பெட்டியில் ‘எச்டிஆர் 400’ (வெளிச்சத்தையும் இருட்டையும் நன்றாகக் காட்டும் என்பதற்கான தர முத்திரை) என்று போட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்தத் தரத்துக்குத் திரையின் பகுதி பகுதியாக வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி கட்டாயமில்லை.

கேள்வி: 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பதில்: விண்டோஸ் இன்னும் 60-இல் நின்றுகொண்டிருக்கும். டிஸ்பிளே செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு டிஸ்பிளே’க்குள் போய் மாற்றுங்கள்.

கேள்வி (ஐம்பது வயதைத் தாண்டியவர்): சாயந்திரமானால் கண் எரிகிறது, கழுத்தும் வலிக்கிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போடவா?

பதில்: அமெரிக்கக் கண் மருத்துவர்களின் அகாடமியே அந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, கண் காய்ந்து எரிகிறது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். தாளைவிடத் திரை பளீரென்று தெரிந்தால் பிரைட்னஸைக் குறையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதிதில் பல மானிட்டர்கள் அப்படித்தான் இருக்கும்.

கழுத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. புராகிரஸிவ் கண்ணாடி (மேலே தூரப்பார்வை, கீழே கிட்டத்தில் படிக்க) போடுபவர்கள் இதை அப்படியே பின்பற்றினால், கண்ணாடியின் கீழ்ப்பாகம் வழியாகப் பார்க்க நாள் முழுக்க முகவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். நீங்களும் அந்த ரகம் என்றால் மானிட்டரைச் சற்று இறக்கி, லேசாக மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். எரிச்சல் அப்படியும் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: டிவிக்குப் பதிலாக ஹாலில் 32 அங்குல மானிட்டர் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலும் ரிமோட் இருக்காது, சத்தத்துக்குத் தனிச்செலவு, பாக்ஸ் தகராறை மேலே பார்த்தீர்கள். ஹாலுக்கு டிவியே வாங்குங்கள்.