சோல்-ஜெல் பொடி: உலையைக் குறை சொல்லும் முன்

நானோ படிகங்களால் ஆன செராமிக் பொடிகளைச் சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலை ஜெல்லாக்கி, உலர்த்தி, சுட்டுச் செய்வது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவர்கள் உலையைத்தான் சந்தேகிக்கிறீர்கள். பொடி கெட்டுப்போவது அதற்கு வெகு முன்பே.

டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடைத் தண்ணீரில் விட்ட உடனே வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடுகிறது. ஜெல்லே வருவதில்லை, ஏன்?

வேகம்தான் காரணம். சிலிக்கான் அல்காக்சைடு (உங்கள் ஐசோபுரொப்பாக்சைடும் அல்காக்சைடு வகைதான்) தண்ணீரோடு சாவகாசமாக வினைபுரியும். டைட்டானியத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, காற்றின் ஈரமே அதற்குப் போதும். முதலில் ஐசோபுரொப்பனாலில் கரைத்துக்கொண்டு, ஒரு மோலுக்கு ஒரு மோல் கணக்கில் அசிட்டைல் அசிட்டோன் சேருங்கள். கரைசல் மஞ்சளாகும். அசிட்டைல் அசிட்டோன் டைட்டானியத்தைப் பிடித்துக்கொண்டு நீராற்பகுப்பை, அதாவது தண்ணீரோடு நடக்கும் வினையை, மெதுவாக்கும். அப்புறம் தண்ணீரை ஆல்கஹாலில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். மழை நாளில் பாட்டிலைத் திறந்து வைத்தபடி எடை போட வேண்டாம்.

சிர்கோனியம் ஆக்சிகுளோரைடில் அமோனியா விட்டு ஜெல் எடுத்து, கழுவி, அடுப்பில் உலர்த்தி, 600 டிகிரியில் சுட்டேன். எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் சோதனை) 15 நானோமீட்டர் என்கிறது. பொடியோ கல் மாதிரி இருக்கிறது, மின்நுண்ணோக்கியில் மைக்ரான் கணக்கில் கட்டிகள். எதை நம்புவது?

இரண்டும் உண்மைதான். எக்ஸ்ஆர்டி சொல்வது ஒவ்வொரு படிகத்தின் அளவு. நுண்ணோக்கியில் தெரிவது அந்தப் படிகங்கள் ஒட்டிக்கொண்ட திரள். வெப்பநிலையில் தவறில்லை. கட்டி உருவானது உலர்த்தும்போது.

ஜெல்லின் துளைகளில் தண்ணீர் இருக்கிறது. அது ஆவியாகும்போது பரப்பு இழுவிசை துளைச் சுவர்களை உள்ளே இழுக்கும். 5 நானோமீட்டர் ஆரமுள்ள துளையில், தண்ணீர் சுவரை முழுதாக நனைப்பதாக வைத்துக்கொண்டால், இந்த அழுத்தம் சுமார் 290 வளிமண்டலம். நெருங்கி வந்த துகள்களின் மேலிருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் கைகோத்து, சுடும்போது நீரை இழந்து நிரந்தரப் பாலமாகிவிடும். அதன் பிறகு அகேட் உரலில் எத்தனை மணி நேரம் அரைத்தாலும் வீண்.

அதனால் கடைசிக் கழுவலை எத்தனாலில் செய்யுங்கள், மூன்று நான்கு தடவையாவது. அதன் பரப்பு இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதோடு, மேற்பரப்பின் ஹைட்ராக்சில்களில் ஒரு பகுதியை எத்தாக்சித் தொகுதியாக மாற்றிவிடும், அவை அப்படிக் கைகோக்காது. உலர்ந்தது விரலால் நசுக்கினாலே உதிரும்.

அதற்கு முன், தண்ணீரில் கழுவும்போதே குளோரைடு முழுக்கப் போக வேண்டும். வெள்ளி நைட்ரேட் சோதனையில் பலர் ஏமாறுவது எங்கே தெரியுமா? கழுவிய நீரில் அமோனியா மிஞ்சியிருந்தால் வெள்ளி குளோரைடு அதிலேயே கரைந்துவிடும். குளோரைடே இல்லை என்று நினைத்துக்கொள்வோம். நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கிய பிறகு சோதியுங்கள். நானும் ஒரு மாதம் ஏமாந்திருக்கிறேன்.

டெட்ராகோனல் படிக வடிவத்தை நிலைக்கவைக்கும் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) எதுவும் சேர்க்கவில்லை. ஆனாலும் டெட்ராகோனல் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) வருகிறது. மாதிரி அசுத்தமாகிவிட்டதா?

இல்லை. பெரிய படிகங்களில் அந்த வடிவம் 1170 டிகிரிக்கு மேல்தான் நிலைக்கும். படிகம் மிகச் சிறியதானால் மேற்பரப்பு ஆற்றலின் கை ஓங்கி, அறை வெப்பநிலையிலும் அது தங்கிவிடும். கார்வி என்ற ஆய்வாளர் 1965-இல் இதைச் சொன்னார். எல்லை ஏறத்தாழ 30 நானோமீட்டர். இன்னும் அதிகமாகச் சுட்டுப் பாருங்கள். படிகம் வளர்ந்து, குளிரும்போது மோனோகிளினிக்காக, அதாவது அறை வெப்பநிலையில் வழக்கமாக இருக்கும் வடிவமாக, மாறும்.

அனடேஸின் (டைட்டானியம் டைஆக்சைடின் ஒரு படிக வடிவம்) எக்ஸ்ஆர்டியில் 25.3 டிகிரி முகட்டின் அகலம் 0.8. முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் 0.18 நானோமீட்டர் வருகிறது!

அணுக்களின் இடைவெளி அளவுக்குப் படிகமா! அகலத்தை ரேடியனுக்கு மாற்றவில்லை நீங்கள். 0.8 டிகிரி என்பது 0.014 ரேடியன். தாமிர எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.154 நானோமீட்டர், மாறிலி 0.9 என்று போட்டால் சுமார் 10 நானோமீட்டர் வரும். கோணத்தில் பாதியைத்தான் கொசைனுக்குள் போட வேண்டும். கருவியின் சொந்த அகலத்தையும் கழியுங்கள்.

உலோக நைட்ரேட்டோடு சிட்ரிக் அமில முறையில் செய்தபோது பீக்கரில் குபுக்கென்று தீப்பிடித்தது. இது சாதாரணமா?

நைட்ரேட் ஆக்சிஜன் தரும், சிட்ரேட் எரிபொருள். சூடான தட்டில் இரண்டும் காய்ந்தால் வேறென்ன நடக்கும்? அதையே வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு. உங்களுக்கு வேண்டாமென்றால் பெச்சினி என்பவர் 1967-இல் காப்புரிமை பெற்ற வழிக்கு வாருங்கள். எத்திலீன் கிளைக்கால் சேர்த்து, மெதுவாகச் சூடாக்கி, கம்பிப் பதப் பாகு மாதிரி கெட்டியாக்குவார்கள். உலோக அயனிகள் அந்தப் பிசினுக்குள் கலந்தபடியே சிக்கிக்கொள்ளும். இதிலும் நைட்ரேட் உப்பு போட்டால் ஆபத்து முழுக்கப் போய்விடாது. எப்படியானாலும் பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், பாகு பொங்கும். மூடாதீர்கள். பழுப்புப் புகை வருவது நைட்ரஜன் டைஆக்சைடு. ஃபியூம் ஹுட் (புகையை வெளியே இழுக்கும் கூண்டு) இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

கிலோ கணக்கில் வேண்டும். அல்காக்சைடு வாங்கிக் கட்டுப்படியாகுமா?

ஆகாது. சிர்கோனியா என்றால் ஆக்சிகுளோரைடு போதும். சிர்கான் மணலிலிருந்து எடுப்பதுதான் அது, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் அதே கனிமம். செலவு எத்தனாலில்தான் ஏறும். அதைக் காய்ச்சி வடித்துத் திரும்பப் பயன்படுத்த ஏற்பாடு செய்துவிட்டு உலைக்கு விலை கேளுங்கள்.