கடைசி வரியில் எழுதியதுதான் முதலில் பார்க்க வேண்டியது

உங்கள் மகளுக்குத் தலைவலி, முடி உதிர்வு, பரீட்சையில் புள்ளி குறைவு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிவிட்டு, "கோபத்தில் 'நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதிதானே' என்றும் சொன்னாள்" என முடித்திருக்கிறீர்கள். அதற்குத்தான் என் பதில்.

ஓ/எல் (இலங்கையின் சாதாரண தரப் பொதுப் பரீட்சை) வகுப்புப் பிள்ளை களைத்துப்போவது வழக்கம். பாடசாலை விட்டதும் வெள்ளவத்தையில் ரியூசன், நள்ளிரவு 12 வரை பாஸ்ட் பேப்பர் (பழைய வினாத்தாள்) செய்தல், காலை 5 மணிக்கு எழும்புதல். 16 வயதில் 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். மகளுக்குக் கிடைப்பது 5. காலையும் சாப்பிடாமல் போகிறாள், தலை வலிக்காதா? இணையத்தில் மூளைக் கட்டி தேடுவதை நிறுத்துங்கள். முடி உதிர்வுக்கு இரும்புச்சத்தும் தைரொயிட்டும் பரிசோதித்தால் போதும். ஞாபகசக்தி டொனிக் வீண் காசு.

ஆனால் வெறும் களைப்பு புத்தகத்தோடு நிற்கும். லீவு விட்டால், சிநேகிதிகள் வந்தால் முகம் மாறும். உங்கள் மகளோ நெட்போலையும் விட்டுவிட்டாள், சிநேகிதிகளின் வட்ஸ்அப்புக்கும் பதில் இல்லை, லீவிலும் அறையை விட்டு வரவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி என்றால் சோம்பல் என்று ஏசக் கூடாது. மனச்சோர்வு நோயா என்று வைத்தியர் பார்க்க வேண்டும்.

இன்றிரவே பக்கத்தில் இருத்தி நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகலாம் போல இருக்குதா? எப்படி என்று யோசிச்சனியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, அடக்கி வைத்திருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும். அவள் பேசும்போது புத்திமதி வேண்டாம். வழியை யோசித்திருந்தால், கையில் கீறல் இருந்தால், விடியும்வரை பொறுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதுவரை தனியே விடாதீர்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் களுபோவில வைத்தியசாலையின் மனநல கிளினிக்கில் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

வீட்டு மாத்திரைகளை இப்போதே பூட்டுங்கள், பனடோலையும் (பரசிட்டமோல்) சேர்த்து. பனடோலை அளவுக்கு மிஞ்சி விழுங்கினால் முதல் நாள் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகுதான் ஈரல் பழுதாகும். விழுங்கியது தெரிந்தால் நன்றாக இருக்கிறாளே என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

அம்மம்மாவின் நித்திரைக் குளிசையில் பாதியை நாலைந்து இரவு கொடுத்தீர்களே, அது பெரிய தவறு. இனிக் கொடுக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் குளிசை அட்டையையும் டொனிக் போத்தலையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.