பேலியோ உணவுமுறையில் ஒரு நாளைக்கு 40 கிராம் கார்ப்தான் (மாவுச்சத்து) என்கிறார்கள். 100 பாதாமிலேயே 26 கிராம் போய்விடுகிறதே? நெட் கார்ப்பை எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் 26 சரிதான். ஒரு பாதாம் ஏறக்குறைய 1.2 கிராம். நூறு பாதாம் 120 கிராம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் பாதாமுக்கு மொத்த மாவுச்சத்து 21.6 கிராம், ஆக உங்கள் தட்டில் 26. அதே பட்டியலில் நார்ச்சத்து 12.5 கிராம் என்று இருக்கிறது. நூறு பாதாமுக்கு அது 15. 26-இல் 15 போனால் 11. மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்து மிஞ்சும் இந்த 11-தான் நெட் கார்ப்.

காலையில் 100 பாதாம் சாப்பிடச் சொல்லும் அதே திட்டம் நாளுக்கு 40 கிராம் என்றும் சொன்னால், அது நெட் கணக்காகத்தான் இருக்க முடியும். மொத்தக் கணக்கு என்றால் மதியத்துக்கும் இரவுக்கும் சேர்த்து 14 கிராம்தான் மிஞ்சும். காய்கறிக்கே போதாது.

ஏன் கழிக்கிறோம்? நார்ச்சத்தும் வேதியியல்படி மாவுச்சத்துதான். ஆனால் அதை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் இல்லை. பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அதிலிருந்து நமக்குக் கிராமுக்கு 2 கலோரி வரை கிடைக்கலாம், ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறாது. ஆகவே இது சர்க்கரைக்கான கணக்கு. எடை குறைக்க வந்தவர்கள் இதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவார்கள். அந்த நூறு பாதாமில் கிட்டத்தட்ட 700 கலோரி இருக்கிறது.

இதுவரை எல்லாரும் சொல்வதுதான். என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் கணக்குப் பார்ப்பது நான். என் அனுபவத்தில் சிக்கல் கழித்தலில் இல்லை. நம் கையில் இருக்கும் எண்ணில் நார்ச்சத்தை யாராவது ஏற்கெனவே கழித்துவிட்டார்களா என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையை எடுங்கள். நம் ஊர் அரிசி, பருப்பு, கீரைக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அதில் பச்சரிசிக்கு, 100 கிராமில், ஈரப்பதம் 9.93, புரதம் 7.94, சாம்பல் 0.56, கொழுப்பு 0.52, நார்ச்சத்து 2.81, மாவுச்சத்து 78.24. கூட்டிப் பாருங்கள், சரியாக 100 வரும். நார்ச்சத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகு மிஞ்சியதைத்தான் மாவுச்சத்து என்று போட்டிருக்கிறார்கள். அதாவது 78.24 என்பதே நெட். இது தெரியாமல் பாதாமுக்கு அந்த அட்டவணையைப் பார்த்தால் மாவுச்சத்து சுமார் 3 கிராம், நார்ச்சத்து 13 கிராம் என்று இருக்கும். மூன்றிலிருந்து பதின்மூன்றைக் கழித்தால் மைனஸ் பத்து! பாதாம் தின்றால் சர்க்கரை இறங்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று இனிப் புரிந்துவிடும்.

அமெரிக்கப் பட்டியல்படி நெட் 9, நம் பட்டியல்படி 3. எது சரி? இரண்டிலும் மாவுச்சத்தை நேரடியாக அளக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அளந்து, நூறில் மிச்சம் எவ்வளவோ அதை எழுதுகிறார்கள். புரதத்திலும் கொழுப்பிலும் உள்ள சிறு சிறு வித்தியாசங்களெல்லாம் கடைசியில் மாவுச்சத்தின் தலையில்தான் விழும். அதனால் தசம புள்ளிக்குப் பின்னால் வருவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நான் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வேன்.

கடையில் வாங்கும் பொட்டலங்களுக்கு வருவோம். அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம், கழிக்க வேண்டும். ஐரோப்பா, இங்கிலாந்து லேபிளில் நார்ச்சத்து வெளியே தனியாக நிற்கும், கழிக்கக் கூடாது. இந்திய லேபிளில் நார்ச்சத்தைப் போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. போட்டிருந்தாலும் உள்ளே சேர்த்ததா வெளியே நிறுத்தியதா என்று சொல்லமாட்டார்கள். இதற்கு நான் செய்வது ஒரு கூட்டல். 100 கிராமுக்கான புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, நார்ச்சத்து நான்கையும் கூட்டுவேன். நூறைத் தாண்டினால் நார்ச்சத்து இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது, கழிக்கலாம். அமெரிக்கப் பாதாமுக்குப் போட்டுப் பாருங்கள்: 21.2, 49.9, 21.6, 12.5, மொத்தம் 105. தானிய மாவு என்றால் ஈரப்பதத்துக்கு ஒரு 10 சேர்த்துக்கொள்ளுங்கள். தயிர், சாஸ் மாதிரித் தண்ணீர் அதிகமுள்ளவற்றுக்கு இந்தச் சோதனை எடுபடாது. சந்தேகம் வந்தால் கழிக்காமல் விட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்குப் பழகிய பிறகு சில நம்பிக்கைகள் ஆட்டம் காணும். கேழ்வரகு நல்லது, நார்ச்சத்து அதிகம் என்பார்கள். உண்மைதான், 100 கிராமில் 11 கிராம் நார்ச்சத்து. அது போகவும் 67 கிராம் மாவுச்சத்து நிற்கிறது. அரிசிக்கு 78. ஒரு உருண்டை களி சாப்பிட்டால் உங்கள் 40 கிராம் முடிந்துவிடும். கோதுமை மாவுக்கு 64. 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தி 19 கிராம். என் மாமியாரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “அப்போ எங்க காலத்துல எல்லாரும் களி தின்னு எப்படிம்மா இருந்தாங்க?” என்றார். அவர்கள் வயலில் வேலை செய்தார்கள் அத்தை என்றேன், ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டு மதியச் சாப்பாடு ஒன்றைச் சொல்கிறேன். எல்லாம் சமைக்கும் முன் பச்சையாக நிறுத்தது. 200 கிராம் காலிஃபிளவர் (மொத்தம் 10, நெட் 6), 50 கிராம் தேங்காய் (7.6, நெட் 3), 50 கிராம் வெங்காயம் (4.7, நெட் 4), மூன்று முட்டை (1), 100 கிராம் தயிர் (5). மொத்தக் கணக்கில் 28, நெட் கணக்கில் 19. தயிருக்கும் முட்டைக்கும் நார்ச்சத்து கிடையாது, கழிக்க ஒன்றுமில்லை. பாலும் அப்படித்தான். ஒரு டம்ளர் பால் 200 மில்லி என்றால் 10 கிராம் அப்படியே போகும், இரண்டு வேளைக் காபி குடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை போட்டு அரைத்தால் மேலே சொன்ன 3 செல்லாது.

சர்க்கரை இல்லாத சாக்லேட், கீட்டோ பிஸ்கட் வகையறாக்களில் நார்ச்சத்தோடு இனிப்பூட்டிகளையும் முழுதாகக் கழித்துவிட்டு ‘1 கிராம் நெட் கார்ப்’ என்று முன்பக்கம் அடித்திருப்பார்கள். நெட் கார்ப் என்ற சொல்லுக்கு அமெரிக்காவிலேயே சட்ட வரையறை இல்லை. பின்பக்கம் ஐ.என்.எஸ். எண்ணை, அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேசக் குறியீட்டு எண்ணைத் தேடுங்கள். 968 என்றால் எரித்ரிடால், பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும், முழுதாகக் கழிக்கலாம். 965 என்றால் மால்டிடால். அது சர்க்கரையை ஏற்றும், பாதிக்கு மேல் கழிக்காதீர்கள். அதிகம் தின்றால் வயிற்றாலே போகும், அது வேறு. நார்ச்சத்து என்ற பெயரில் ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு சேர்த்திருந்தால் அதிலும் ஒரு பகுதி சிறுகுடலிலேயே செரித்துக் குளுக்கோஸ் ஆகிவிடும். இந்த மாதிரிப் பொருள்களைச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் குளுக்கோமீட்டரில் பார்ப்பேன். ஏறினால் அந்தப் பெட்டி வீட்டுக்குள் மறுபடி வராது.

நீங்கள் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் 40 கிராமுக்கு இறங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே கீட்டோ அசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை வரலாம். இன்சுலின் அளவை மாவுச்சத்தை வைத்து முடிவு செய்பவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் நெட் வேண்டாம், மொத்தக் கணக்கையே வையுங்கள் என்கிறது.