நெட்பேக்கப்பில் ரிடென்ஷன் முடிந்தும் டேப்புகள் ஏன் ஸ்க்ராட்ச் பூலுக்குத் திரும்பவில்லை?

நெட்பேக்கப் மென்பொருளில் 2 வார ரிடென்ஷன் (பேக்கப்பை வைத்திருக்கும் காலம்) வைத்தும், மூன்றாம் வாரத்தில் டேப் விடுபட்டு ஸ்க்ராட்ச் பூலுக்கு (மறுபடி எழுதத் தயாரான காலி டேப்புகளின் தொகுப்பு) வரவில்லை என்கிறீர்கள். சிங்கப்பூரின் தை செங்கில் ஒரு டேட்டா சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்த்தபோது நானும் இதில் மாட்டினேன். தீபாவளிக்கு முந்தின வெள்ளி இரவு. முழு பேக்கப் ஓட வேண்டும், ஸ்க்ராட்ச் பூலில் ஒரு டேப்பும் இல்லை.

பழைய டேப்புகளைக் கட்டாயமாகக் காலாவதி செய்துவிடலாமா என்று சீனியரிடம் கேட்டேன். "கை வைக்காதே தம்பி. அதுல யாரோட டேட்டா இருக்குன்னு முதல்ல பாரு" என்றார். நல்லவேளை தடுத்தார்.

டேப்புக்கென்று தனிக் கெடு கிடையாது. அதிலுள்ள கடைசி இமேஜ் (ஒரு பேக்கப்பில் பதிந்த தரவுத் தொகுதி) காலாவதியானால்தான் டேப் விடுபடும். டேப் விவரம் காட்டும் பிபிமீடியாலிஸ்ட் (bpmedialist) கட்டளையில் பார்த்தால், ஒவ்வொரு டேப்பிலும் ஒன்றிரண்டு இமேஜ்கள் மட்டும் இன்னும் செல்லுபடியாக இருந்தன. எல்லாமே மாதாந்திரக் கணக்கு பேக்கப். சிங்கப்பூர் நிறுவனச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும், அதனால் அவற்றுக்கு நீண்ட ரிடென்ஷன். ஒரே டேப்பில் பல ரிடென்ஷன்களைக் கலக்க விடும் செட்டிங்கை யாரோ ஆன் செய்திருந்தார்கள். இயல்பாக அது ஆஃப்தான். சில ஜிபி இமேஜுக்காக 12 டிபி கொள்ளும் எல்டிஓ-8 டேப் முடங்கிக் கிடந்தது.

அன்றிரவு புது டேப் ஏற்றிச் சமாளித்தோம். அப்புறம் அந்த இமேஜ்களை வேறு டேப்புக்கு டூப்ளிகேட் செய்து, புதுப் பிரதியின் காலாவதித் தேதி சரிதானா என்று பார்த்துவிட்டு, பழைய பிரதியை மட்டும் காலாவதியாக்கினோம். செட்டிங்கை ஆஃப் செய்து, கணக்கு பேக்கப்புக்குத் தனி வால்யூம் பூல் (டேப் தொகுப்பு) வைத்தோம்.

உங்களுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். எஸ்எல்பி (பிரதிகளைத் தானாக எடுக்கும் ஸ்டோரேஜ் லைஃப்சைக்கிள் பாலிசி) பயன்படுத்தினால், இரண்டாம் பிரதி முடியாமல் நிற்கிறதா பாருங்கள். அது முடியும்வரை முதல் பிரதி காலாவதியாகாது. இன்னொன்று, ஆரம்பத்தில் ஸ்க்ராட்ச் பூலிலிருந்து எடுக்கப்படாத டேப் அங்கே போகாது, தன் பூலிலேயே காலியாக இருக்கும். அங்கேயும் தேடுங்கள்.

டேப் ஃப்ரோசன் (இனி எழுத முடியாதபடி முடக்கப்பட்ட) நிலையில் இருந்தால், எல்லா இமேஜும் காலாவதியானாலும் தானாகத் திரும்பாது. இயல்பு அமைப்பில், 12 மணி நேரத்துக்குள் பிழைகள் 2-ஐத் தாண்டினால் ஃப்ரீஸ் ஆகிவிடும். அவசரப்பட்டு அன்ஃப்ரீஸ் செய்யாதீர்கள். பிழைகள் ஒரே டிரைவில் வந்தனவா, பல டிரைவிலும் இதே டேப்பில் வந்தனவா என்று பாருங்கள். டிரைவ் என்றால் சுத்தம் செய்யுங்கள். டேப் என்றால் அதில் இனி எழுதவே வேண்டாம்.