பிளக்கைச் சொருகும் முன்…

கேள்வி: எங்கள் தாத்தா பள்ளிக்கூடத்து ஏலத்தில் எடுத்த 16 எம்.எம். புரொஜக்டர் ஒன்று இருபது வருடமாகப் பரணில் கிடக்கிறது. கூடவே நாலு ரீல். பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், வெள்ளை வேட்டியைக் கட்டி ஓட்டிக் காட்டலாமென்று ஆசை. பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: வேண்டாம். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். முதலில் மெஷினின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். 110 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் சொருகிய நொடியிலேயே லேம்ப் போய்விடும், கூட என்னென்ன போகும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும். அதே தகட்டில் 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்றும் போட்டிருந்தால் அதற்கு டிரான்ஸ்பார்மர் உதவாது. இங்கே கரண்ட் 50 சைக்கிள். சில மோட்டார்கள் அதற்கேற்ப மெதுவாகத்தான் சுற்றும், நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் 20 பிரேமில் ஓடும், கதாநாயகி ஜலதோஷம் பிடித்த ஆம்பிளைக் குரலில் பேசுவாள். மோட்டார் புல்லியை மாற்றினால் சரியாகும். பிரஷ் வைத்த பழைய மோட்டாருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம் மூடியைத் திறந்து பாருங்கள். நான் ஒருமுறை லேம்ப் இருக்கும் கூண்டைத் திறந்தபோது உள்ளே குளவிக்கூடு, அதற்குப் பக்கத்தில் இரண்டு பல்லி முட்டை. அதை அப்படியே ஆன் செய்திருந்தால் படத்துக்கு முன்னால் புகைதான் வந்திருக்கும்.

கையால் சுற்றுவதற்கென்று பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். கரண்ட் இல்லாமல் அதை மெதுவாகச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றினால் நல்லது. இறுகிப்போயிருந்தால் முரட்டுத்தனம் காட்டாதீர்கள், பழைய கிரீஸ் பிசின் மாதிரி கெட்டித்திருக்கிறது என்று அர்த்தம். அதை வழித்தெடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், எண்ணெய் விடும் துளையில் ஒரே ஒரு சொட்டு. கூடுதலாக விட்டால் அது வழிந்து பெல்ட்டுக்கும் பிலிமுக்கும் போகும். பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று முறுக்கு மாதிரி ஒடியும், இல்லையென்றால் தார் மாதிரி விரலில் ஒட்டும். இரண்டுமே மாற்ற வேண்டியவைதான். பிலிமைத் தானே இழுத்து மாட்டிக்கொள்ளும் ஆட்டோலோட் மெஷினாக இருந்தால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் வார்ம் கியரை (திருகாணி மாதிரி மரை போட்ட பல்சக்கரம்) டார்ச் அடித்துப் பாருங்கள், சும்மா கிடந்தே விரிசல் விட்டிருக்கும், விரிசலோடு ஓட்டினால் துண்டு துண்டாகச் சிதறும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் கரண்ட். அப்போதும் நேரடியாக இல்லை. புரொஜக்டர் லேம்பைக் கழற்றிவிட்டு, மோட்டார் சுவிட்சைப் போடாமல், 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில் மாட்டி ஆம்பிளிபயரை மட்டும் ஆன் செய்யச் சொல்லுங்கள், தெருமுனை எலெக்ட்ரீஷியனுக்கே இது தெரியும். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் பரவாயில்லை. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே ஷார்ட்.

முதல் ஓட்டத்துக்கு தாத்தாவின் ரீலை மாட்டாதீர்கள். வீணாய்ப் போன துண்டு பிலிம் எதையாவது ஓட்டுங்கள். அதற்கும் முன்னால் கேட்டை, அதாவது லென்ஸுக்குப் பின்னால் பிலிம் வெளிச்சத்தைக் கடக்கும் இடத்தைத் திறந்து, பிலிம் உரசும் தகட்டில் பழுப்பாகப் படிந்திருப்பதை ஐஸ்குச்சியால் சுரண்டி, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் கூடாது. அந்தத் தகட்டில் கீறல் விழுந்தால் அது படம் முழுக்க ஒவ்வொரு பிரேமிலும் கோடு போடும். திரையில் மழை பெய்கிறது என்று சொல்வோமே, அதில் பாதி இப்படி வந்ததுதான்.

கேள்வி: ரீல் டப்பாவைத் திறந்தால் காடி (வினிகர்) வாடை மூக்கைத் துளைக்கிறது. கழுவி வெயிலில் காயவைக்கலாமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: ஐயோ, வெயிலும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம்! 16 எம்.எம். பிலிம் பெரும்பாலும் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். சூட்டிலும் ஈரத்திலும் அது சிதையும்போது வெளியாவது அசிட்டிக் அமிலம், அதாவது காடியில் இருக்கும் அதே அமிலம். அந்த ஆவியே சிதைவை இன்னும் வேகப்படுத்தும், பக்கத்து ரீலையும் கெடுக்கும். எனவே வாடை வரும் ரீலை மட்டும் தனியே பிரித்து, இறுக மூடிய தகர டப்பாவில் வைக்காமல் காற்றோட்டமாக, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பரண் கூடவே கூடாது, ஓட்டுக்கு அடியில் சித்திரை மாதம் அங்கே கை வைக்க முடியாது. போனது திரும்பாது, போகிற வேகத்தைத்தான் குறைக்கலாம்.

இன்னொன்று, அந்த பிலிம் சுருங்கியிருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே துளைகள் மெஷினின் பல்லோடு பொருந்தாது, ஓட்டினால் வரிசையாகக் கிழியும். ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு ஸ்கேன் எடுக்கக் கொடுங்கள். குடும்பக் கல்யாணப் படமாக இருந்தால் இந்த மாதமே கொடுங்கள். மெஷின் கெட்டால் இன்னொரு மெஷின் தேடிப் பிடிக்கலாம், உங்கள் பாட்டி மணமேடையில் உட்கார்ந்திருக்கும் பிலிம் உலகத்திலேயே அந்த ஒன்றுதான்.

கேள்வி: படம் நன்றாக ஓடுகிறது. ஆனால் வாய் அசைந்து முடிந்தபிறகுதான் வசனம் வருகிறது. (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மெஷின் மேல் குற்றமில்லை, மாட்டிய விதம்தான். கேட்டில் பிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று போகிறது, சத்தத்தைப் படிக்கும் டிரம்மிலோ வழுக்கிக்கொண்டு ஒரே சீராகப் போக வேண்டும். அதனால் ஒரு பிரேமுக்கான சத்தம் அதன் பக்கத்தில் இருக்காது, 26 பிரேம் தள்ளி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பிலிமைத் தளர்வாக வளைத்து விடும் கீழ் லூப்தான் அந்தக் குலுக்கலை வாங்கிக்கொள்வது. லூப் பெரிதாக இருந்தால் சத்தம் பிந்தும், சிறிதாக இருந்தால் முந்தும். உங்களுடையது பெரிது. மெஷின் உடம்பிலேயே லூப் அளவுக்குக் கோடு வரைந்திருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் தியேட்டரை இடிக்கிறார்கள். அங்கிருந்த 35 எம்.எம். மெஷினை வீட்டு ஹாலில் வைத்து ஓட்ட முடியுமா? (உடுமலை வாசகர்)

பதில்: வைக்கலாம். ஓட்ட ஆசைப்படாதீர்கள். அது கார்பன் குச்சியில் எரிகிற மெஷின் என்றால் புகைபோக்கி வேண்டும், ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கும் ரெக்டிபயர் வேண்டும், எரிய எரியக் குச்சியை நகர்த்திக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அதோடு 35 எம்.எம். நிமிடத்துக்கு 90 அடி விழுங்கும், 2000 அடி ரீல் 22 நிமிடத்தில் தீர்ந்துபோகும். தியேட்டரில் இரண்டு மெஷின் நின்றது அதற்காகத்தான். டூரிங் டாக்கீஸில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதனால்தான் அங்கே மூன்று நான்கு இடைவேளை, முறுக்கு வியாபாரிக்குக் கொண்டாட்டம். லென்ஸை மட்டும் கழற்றித் துடைத்துத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். ஹாலில் நிற்கும்போது யாராவது குழந்தை விரலை வைத்துவிடும்.